மலையைப் படியாக்கும் மாடி வீடுகள்: புணே சரிவுகளைக் காப்பது யார்?

புதுதில்லி: 2024-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, மகாராஷ்டிர மாநிலம் புணே மாவட்டத்தில் பெய்த கனமழையின்போது லவாசா மலை நகரில் மண் சரிந்து இரண்டு பங்களாக்கள் புதைந்தன. உள்ளே சிக்கியவர்களைத் தேடி மீட்புப் படையினர் மண்ணைத் தோண்ட வேண்டியதாயிற்று. அதே நாளில் முட்டா ஆற்றின் வெள்ளம் புணே நகரக் குடியிருப்புகளுக்குள் புகுந்ததால் நாட்டின் கவனம் நகரத்தின் மீதே இருந்தது. மலைச்சரிவில் நடந்தது ஓரிரு நாள்களில் மறக்கப்பட்டது.

ஆனால் அந்தச் சரிவு எழுப்பிய கேள்வி புணேயுடன் முடிந்துவிடக் கூடியதன்று. செங்குத்தான மலைச்சரிவில் படிப்படியாக அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டலாமா? கட்டலாம் என்றால் எந்தச் சரிவு வரை? கட்டி விற்ற பிறகு அந்த மலையைக் காப்பது யார் பொறுப்பு? கட்டடக் கலைஞர்கள் முதலிரண்டு கேள்விகளுக்கு ஓரளவு விடை கண்டிருக்கின்றனர். மூன்றாவது கேள்விக்கு இந்தியாவின் எந்தச் சட்டமும் தெளிவான விடை தரவில்லை. உயிர்கள் ஊசலாடுவதோ அந்த மூன்றாவது கேள்வியில்தான்.

இயற்கை கட்டிய படிகள்

புணேயைச் சூழ்ந்துள்ள மலைகள் சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த எரிமலைக் குழம்பினால் ஆனவை. புவியியலாளர்கள் இப்பாறைத் தொகுதியை 'டெக்கான் டிராப்' என்று அழைக்கின்றனர். 'டிராப்' என்பது படிக்கட்டைக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல்லிலிருந்து வந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் இம்மலைகள் பெரும் படிக்கட்டுகளைப் போலத் தோன்றுவதே இப்பெயருக்குக் காரணம்.

இந்தப் படிகள் அனைத்தும் ஒரே வலிமை கொண்டவையல்ல. உறுதியான கரும்பாறை அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே துளைகள் நிறைந்த மென்பாறையும், ஆங்காங்கே சிவந்த களிமண் படிவும் உள்ளன. மேலிருந்து பாறை வெடிப்புகளின் வழியே இறங்கும் மழைநீர் இக்களிமண் படிவில் தடைபட்டு, பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் முகத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. பாறையின் மேல் சில அடி கனத்துக்கு முரம்பு மண் போர்த்தியிருக்கிறது. கோடையில் கல்லைப் போல இறுகியிருக்கும் இம்மண் பருவமழையில் நீர் குடித்துக் கனக்கிறது. அதன் பிடிமானமும் தளர்கிறது.

புணே நகரின் சராசரி ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். மேற்கே மலைத்தொடரின் முகட்டை நெருங்க நெருங்க மழை பன்மடங்காகிறது. அதே மாவட்டத்தின் முள்ஷி வட்டத்திலுள்ள தாம்ஹிணிப் பகுதியில் பல ஆண்டுகளில் 6,000 மில்லிமீட்டரையும் தாண்டிப் பெய்கிறது. அந்த மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. மலைச்சரிவில் வரைபடம் போடும் எவரும் கணக்கில் கொள்ள வேண்டிய முதல் உண்மை இது.

கணக்கு சொல்லும் உண்மை

படியடுக்குக் குடியிருப்பின் தத்துவம் எளிமையானது. சமதளத்தில் ஒரு வீட்டின் மேல் மற்றொரு வீடு நேராக நிற்கிறது. சரிவில் ஒவ்வொரு தளமும் கீழ்த்தளத்தைவிட மலையை நோக்கிச் சற்றுப் பின்வாங்கி நிற்கிறது. கீழ் வீட்டின் கூரை மேல் வீட்டுக்கு முற்றமாகிறது. எவர் வீடும் மற்றவர் பார்வையை மறைப்பதில்லை. எல்லோருக்கும் வெளிச்சமும் காற்றும் தோட்டமும் கிடைக்கின்றன.

எவ்வளவு பின்வாங்குவது என்பதைச் சரிவே தீர்மானிக்கிறது. தளத்தின் உயரம் 3 மீட்டர் என்று கொள்வோம். 45 டிகிரிச் சரிவில் ஒவ்வொரு தளமும் 3 மீட்டர் பின்வாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 5 மீட்டராகும். 3 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில் 9 மீட்டராகும். 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், அதாவது சுமார் 11 டிகிரியில், 15 மீட்டராகும். நடுத்தர வீடு ஒன்றின் ஆழம் ஏறத்தாழ 9 முதல் 12 மீட்டர்தான் என்பதால், 11 டிகிரிச் சரிவில் ஒரு வீட்டின் மேல் மற்றொரு வீடு சாய வேண்டிய அவசியமே எழாது. தனித்தனி வீடுகளை வரிசையாகக் கட்டிவிடலாம்.

இக்கணக்கின் உட்பொருள் முக்கியமானது. படியடுக்குக் குடியிருப்பு தன் முழுப் பயனைத் தருவது ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில். ஆனால், புணே நகரில் மலைச்சரிவு மண்டலத்தை வரையறுக்கக் கையாளப்படும் அளவுகோல் 1:5, அதாவது 11 டிகிரி. மத்திய அரசின 2016-ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளோ, மலைப் பகுதிகளில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளிலும் நிலச்சரிவு அபாயப் பகுதிகளிலும் பொதுவாகக் கட்டுமானம் கூடாது என்கின்றன. விற்பனைப் படங்களில் அழகாகத் தோன்றும் படியடுக்கு வீடுகள், பெரும்பாலும் ஒரு விதி தடுக்கும் இடத்திலோ மற்றொரு விதியின் விளிம்பிலோதான் நிற்க முடியும். விதிவிலக்கு கேட்டு அரசின் கதவைத் தட்டும் கட்டடமாக அது மாறுவது இதனால்தான்.

சுவருக்குப் பின்னால் நிற்கும் நீர்

சரிவைக் குடைந்து தளம் அமைக்கும்போது, வீட்டின் பின்புறம் வெட்டப்பட்ட மண் செங்குத்தாக நிற்கும். அதைத் தாங்கத் தடுப்புச் சுவர் தேவை. அச்சுவர் மண்ணை மட்டும் தாங்கினால் பிரச்சினை பெரிதில்லை. சுவருக்குப் பின்னால் 3 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கிவிட்டால், அந்த நீர் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் சுமார் நான்கரை டன் விசையுடன் மோதும். மண்ணின் அழுத்தம் இதற்கு மேல். மழைக்காலத்தில் தடுப்புச் சுவர்கள் சரிவதற்கு மண்ணைவிட நீரே பெரும்பாலும் காரணமாவது இதனால்தான்.

இதற்கான தீர்வு பொறியாளர்கள் நன்கறிந்ததே. சுவருக்குப் பின்னால் சரளைக் கல் நிரப்ப வேண்டும். அடியில் துளையிட்ட குழாய் பதிக்க வேண்டும். சுவரில் கசிவுத் துளைகள் விட வேண்டும். சரிவின் உச்சியிலேயே வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திசைதிருப்ப வேண்டும். மலையைத் தாங்கும் சுவரையும் வீட்டின் சுவரையும் ஒன்றாக்காமல் இடையே ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். அப்போதுதான் விரிசலைப் பார்க்கவும் அடைப்பை நீக்கவும் முடியும்.

கூரையே தோட்டமாவதிலும் ஒரு கணக்கு உண்டு. வீடுகளுக்கான தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டு எடையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஒரு அடி கனத்துக்கு நனைந்த மண் நிரப்பினால் அதுவே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோவைத் தாண்டும். மேல் வீட்டுக்காரர் பின்னாளில் தொட்டி கட்டி மரம் நட்டால் சுமக்க வேண்டியது கீழ் வீட்டுக்காரரின் கூரை. நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பழுதானால் அதைச் சரிசெய்ய மேல் வீட்டுத் தோட்டத்தைத் தோண்ட வேண்டும். சமதள அடுக்குமாடியில் அண்டை வீட்டாருக்குள் வரும் சச்சரவு இங்கே கட்டடத்தின் பாதுகாப்புப் பிரச்சினையாகவே மாறுகிறது.

நிலநடுக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 1967 டிசம்பர் 11-ஆம் தேதி, மகாராஷ்டிரத்தின் கொய்னா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சுமார் 180 பேர் உயிரிழந்தனர். சரிவில் நிற்கும் கட்டடத்தில் மலைப்பக்கத் தூண்கள் குட்டையாகவும் பள்ளத்துப் பக்கத் தூண்கள் நெட்டையாகவும் அமைகின்றன. நிலம் அசையும்போது வளைந்து கொடுக்க இயலாத குட்டைத் தூண்களே பெரும் விசையைத் தாங்கி முதலில் உடைகின்றன. பள்ளத்துப் பக்கத்தில், வெட்டிய மண்ணையே கொட்டி நிரப்பிய இடத்தில் அஸ்திவாரம் போடப்பட்டிருந்தால், ஒரே கட்டடத்தின் பாதி பாறை மீதும் பாதி புதுமண் மீதும் நிற்கும்.

உலகம் கண்ட இரு முகங்கள்

செங்குத்துச் சரிவில் பாதுகாப்பாகக் கட்டியவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூக் நகரில் 1950-களின் இறுதியிலேயே படியடுக்கு வீடுகள் எழுந்தன. ஜப்பானின் கோபே நகரில், கட்டடக் கலைஞர் டடாவ் ஆண்டோ வடிவமைத்த ரொக்கோ குடியிருப்பின் முதற்பகுதி 1983-இல் நிறைவுற்றது. அது நிற்பது 60 டிகிரிச் சரிவில்.

மறு முகம் மலேசியாவில் தெரிந்தது. கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில், படிப்படியாக வெட்டப்பட்ட மலைச்சரிவின் அடிவாரத்தில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற 12 மாடிக் கட்டடங்கள் மூன்று இருந்தன. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி, பல நாள் மழைக்குப் பின், மேலிருந்த தடுப்புச் சுவர்கள் சரிந்து மண் பெயர்ந்ததில் ஒரு கட்டடம் அப்படியே சாய்ந்தது. 48 பேர் மாண்டனர். மலையிலிருந்து இறங்கிய ஓடையைக் குழாய்க்குள் திருப்பியிருந்ததும், வடிகால்கள் பராமரிக்கப்படாததும் விசாரணையில் வெளிவந்தன. வழக்கில் உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் உள்ளாட்சி அமைப்புக்கு 15 சதவீதப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2006-இல் மலேசியாவின் உச்ச நீதி அமைப்பான கூட்டரசு நீதிமன்றம் அந்த உள்ளாட்சியைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. அனுமதி தந்தவருக்குப் பொறுப்பில்லை என்றால் மலைச்சரிவில் வீடு வாங்கியவர் யாரை நம்புவது என்ற கேள்வி அங்கே இன்றளவும் ஒலிக்கிறது.

லவாசா: நகரம் தனியாரிடம், மலை யாரிடம்?

அதே கேள்விக்கு இந்தியாவின் சாட்சியாக நிற்பது லவாசா. புணேக்கு மேற்கே, வரஸ்காவ் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிய மோசே ஆற்றுப் பள்ளத்தாக்கில், சுதந்திர இந்தியாவின் புதிய மலை நகரம் என்ற முழக்கத்துடன் இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் குழுமம் இதைத் தொடங்கியது. வடிவமைப்புத் திட்டம் அமெரிக்காவின் எச்.ஓ.கே. நிறுவனத்துடையது. இத்தாலியின் போர்ட்டோஃபினோ துறைமுகச் சாயலில் ஏரிக்கரையில் வண்ண அடுக்குமாடிகளும், மேலே சரிவுகளில் பங்களாக்களும் எழுந்தன.

இதற்கு வழி திறந்தது 1996-இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட மலை வாழிடச் சிறப்பு விதிகள். 2001-இல் 18 கிராமங்களின் நிலம் அவ்விதிகளின் கீழ் மலை நகரத்துக்கென அறிவிக்கப்பட்டது. 2008-இல் அப்பகுதிக்கான சிறப்புத் திட்டமிடல் அதிகாரமும் லவாசா நிறுவனத்துக்கே வழங்கப்பட்டது. அதாவது, கட்டுபவரும் கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருபவரும் ஒருவரே என்ற நிலை உருவானது. மலையை எவ்வளவு வெட்டலாம் என்று கேள்வி கேட்க வேண்டிய நாற்காலியில், வெட்டுவதால் ஆதாயம் பெறுபவர் அமர்ந்தார்.

தில்லியில் இப்பிரச்சினை வெடித்தது 2010-இல். அந்த ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்த மத்திய சுற்றுச்சூழல் மற்றும் வன அமைச்சகம் பணிகளை நிறுத்துமாறு நோட்டீஸ் அனுப்பியது. 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமையும் சுற்றுலாத் திட்டங்களுக்கு மத்திய அனுமதி தேவை என்ற 1994-ஆம் ஆண்டு அறிவிக்கை லவாசாவுக்குப் பொருந்துமா என்பதே வாதத்தின் மையம். மாநில அரசின் அனுமதியே போதும் என்று நிறுவனம் வாதிட்டது. 2011 ஜனவரியில், நேரடி ஆய்வுக்குப் பின், மத்திய அனுமதியின்றி நடந்த கட்டுமானம் முறையற்றது, சூழலுக்குக் கேடு விளைவித்தது என்று அமைச்சகம் முடிவு செய்தது. ஆனாலும் அதே ஆண்டு நவம்பரில் சுமார் 2,000 ஹெக்டேர் பரப்பிலான முதல் கட்டத்துக்கு நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது.

வாதம் முழுவதும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதைச் சுற்றியே நடந்தது கவனிக்கத்தக்கது. நிலச்சரிவுக்கு உயரம் ஒரு பொருட்டன்று. 600 மீட்டர் உயரத்திலுள்ள 35 டிகிரிச் சரிவு, 1,200 மீட்டர் உயரத்திலுள்ள சமதளத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

அதன் பின் நடந்தது பணத்தின் கதை. கடன் சுமையில் நிறுவனம் தள்ளாடியது. 2017-இல் மாநில அரசு சிறப்புத் திட்டமிடல் அதிகாரத்தைத் திரும்பப் பெற்று, புணே பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம் ஒப்படைத்தது. 2018 ஆகஸ்டில் லவாசா நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. 2023 ஜூலையில் டார்வின் பிளாட்ஃபார்ம் நிறுவனத்தின் 1,814 கோடி ரூபாய் மீட்புத் திட்டத்தைத் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஏற்றது. பணம் செலுத்தப்படாததால் அந்த ஒப்புதல் 2024-இல் ரத்தானது. மலை வாழிட விதிகளையும் திட்டத்தையும் எதிர்த்த பொதுநல வழக்கையோ, காலதாமதத்தைக் காரணம் காட்டி மும்பை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் முடித்துவைத்திருந்தது.

திவால் சட்டத்தில் வங்கிகளுக்கு இடம் உண்டு. வீடு வாங்கியவர்களுக்கும் இடம் உண்டு. மலைக்கு இடமில்லை. கசிவுத் துளைகளின் அடைப்பை நீக்குவது, உச்சி வாய்க்காலைத் தூர்வாருவது, சுவரின் விரிசலை அளப்பது ஆகியவை எந்தக் கடன்காரரின் பட்டியலிலும் வருவதில்லை. 2024 ஜூலைச் சரிவின் காரணம் எதுவாயினும், அந்த நாளில் இம்மலையின் நிரந்தரக் காவலர் யார் என்று கேட்டால் விரல் நீட்டிக் காட்ட ஒருவரும் இல்லை.

மாலிண் தந்த எச்சரிக்கை

புணே மாவட்டம் இதற்கு முன்பே பெருவிலை கொடுத்திருக்கிறது. 2014 ஜூலை 30-ஆம் தேதி காலை, ஆம்பேகாவ் வட்டத்தின் மாலிண் என்ற ஆதிவாசிக் கிராமம் மண்ணில் புதைந்தது. வழக்கம்போல் வந்த அரசுப் பேருந்து ஓட்டுநர் கிராமத்தைக் காணாமல் திகைத்துச் சொன்ன பிறகே செய்தி வெளியுலகை எட்டியது. 151 பேர் உயிரிழந்தனர்.

அங்கே அடுக்குமாடிகள் இல்லை. சரிவைப் படிகளாக வெட்டி வயலாக்கும் திட்டமே இருந்தது. கனமழையுடன், மேற்சரிவைச் சமப்படுத்தியதும் நீர் வெளியேறப் போதிய வழியில்லாததும் சேர்ந்துகொண்டனவா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே எழுந்தது. ஏழை உழவரின் வயலானாலும் செல்வந்தரின் பங்களாவானாலும், படி வெட்டிய சரிவில் மழைநீருக்குப் போக்கிடம் வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. வேறுபாடு விளைவில்தான் இருக்கிறது. பங்களா வாங்கியவருக்கு வேறோர் ஊரில் வீடு இருக்கக்கூடும். மாலிண் மக்களுக்கு மாலிண் மட்டுமே இருந்தது.

புணே நகருக்குள்ளும் இதே போராட்டம் வேறு வடிவில் நடந்து வருகிறது. 1997-இல் மாநகராட்சியுடன் 23 கிராமங்கள் இணைக்கப்பட்டபோது அவற்றின் மலைகளும் நகரத்துக்குள் வந்தன. அவற்றில் 978 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பூங்காவாக ஒதுக்க வேண்டும் என்று குடிமக்கள் அமைப்புகள் நீண்ட காலம் போராடின. நில உரிமையாளர்களோ, கட்டவும் விடாமல் இழப்பீடும் தராமல் இழுத்தடிப்பது அநீதி என்றனர். 2015-இல் மாநில அரசு ஒதுக்கீட்டை உறுதி செய்து, நிலத்துக்கு ஈடாக 8 சதவீத வளர்ச்சி உரிமை மாற்றத்தை அறிவித்தது. அந்த ஈடு போதாது என்ற குரல் இன்னும் ஓயவில்லை. இழுபறி நீடிக்கும் இடைவெளியில் சரிவுகளின் அடிவாரத்தை அனுமதியற்ற கட்டடங்கள் அரித்து வருகின்றன.

தமிழகத்துக்குப் புதிதன்று

மலைச்சரிவில் விதியை மீறி எழும் மாடிகள் அரசியலையே உலுக்கக்கூடும் என்பதைத் தமிழக மக்கள் அறிவர். கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அனுமதித்ததற்கு மேல் எழுப்பப்பட்ட தளங்களுக்கு 1994-இல் மாநில அரசு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடர்ந்த வழக்கில் அந்த விலக்கு 1995-இல் ரத்தாயிற்று. இதையொட்டிய குற்ற வழக்கில் 2000 பிப்ரவரியில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதா தண்டிக்கப்பட்டு, 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அந்த வழக்கின் அரசியல் நினைவில் நிற்கிறது. அடிப்படையில் அது ஒரு சரிவின் தாங்கு திறன் பற்றிய வழக்கு என்பது மறந்துபோயிற்று.

நீலகிரியில் கட்டடங்களின் உயரம் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 1993 முதல் உண்டு. நல்ல விதிதான். ஆனால் படியடுக்குக் கட்டடத்துக்கு உயரத்தை எங்கிருந்து அளப்பது? ஒவ்வொரு படியிலும் தனித்தனியே அளந்தால், எந்தப் புள்ளியிலும் 7 மீட்டரைத் தாண்டாமலேயே ஒரு கட்டடம் பள்ளத்திலிருந்து முகடு வரை ஏறிவிடலாம். அடித்தளத்திலிருந்து உச்சி வரை மொத்தமாக அளக்க வேண்டும் என்று விதி ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னால்தான் அது சரிவைக் காக்கும்.

2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் பாறையும் மண்ணும் உருண்டு வீட்டை மூடியதில் ஐந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் மாண்டனர். மலை மாவட்டம் என்று எவரும் கருதாத இடத்திலும் சரிவு சரிவுதான் என்பதை அந்தத் துயரம் காட்டியது.

எண்ணிடப்பட்ட சரிவுகள்

இதற்கு வழியே இல்லையா? ஹாங்காங்கின் அனுபவம் நம்பிக்கை தருகிறது. 1972 ஜூன் 18-ஆம் தேதி, அங்கே ஒரே நாளில் இரு நிலச்சரிவுகள் நேர்ந்தன. சாவ் மாவ் பிங்கில் 71 பேரும், போ ஷான் சாலையில் 12 மாடிக் கட்டடம் ஒன்று சாய்ந்ததில் 67 பேரும் மாண்டனர். 1976-இல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் சரிவு ஏற்பட்டு 18 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டே நிலப்பொறியியல் கட்டுப்பாட்டு அலுவலகம் தொடங்கப்பட்டது. மனிதர் வெட்டிய ஒவ்வொரு சரிவுக்கும் அங்கே பதிவெண் தரப்பட்டது. இன்று பதிவேட்டில் சுமார் 60,000 சரிவுகள் உள்ளன. ஒவ்வொன்றையும் பராமரிக்க வேண்டியவர் யார் என்பது பதிவிலேயே இருக்கிறது. அடுக்குமாடியில் வீடு வாங்குபவர், தன் வீட்டோடு எந்தச் சரிவின் பராமரிப்புச் செலவும் சேர்ந்து வருகிறது என்பதை வாங்குமுன்பே அறிந்துகொள்ள முடியும்.

இந்தியாவில் சுமார் 4.2 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலம் நிலச்சரிவு அபாயத்துக்குரியது என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் கணித்துள்ளது. அதற்கான தேசிய வரைபடங்களும் தயாராகியுள்ளன. ஆனால் அவற்றின் அளவு 1:50,000. வரைபடத்தின் ஒரு சென்டிமீட்டர் தரையில் அரை கிலோமீட்டர். ஒரு குடியிருப்பு மனை அதில் ஒரு புள்ளியளவு மட்டுமே. இவ்வரைபடம் மாவட்ட ஆட்சியருக்கு எச்சரிக்கை தரும். வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் நகரமைப்பு அலுவலருக்கு விடை தராது. மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய மலை நகரங்கள் கூடாது என்று மாதவ் காட்கில் குழு 2011-இல் பரிந்துரைத்தது. 2014-இல் தொடங்கிய சூழல் கூருணர்வுப் பகுதி வரைவு அறிவிக்கைகளில் ஆறாவது, 2024 ஜூலை 31-இல், வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள் வெளியானது. பேரழிவுக்கு மறுநாள் வரைவு வெளியிடுவது நிர்வாகத்தின் விழிப்புக்கு அடையாளமாகாது.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியமன்று. கட்டட அனுமதியில் கடல் மட்ட உயரத்துக்குத் தரப்படும் இடத்தைச் சரிவின் கோணமும் நீரோட்டமும் பெற வேண்டும். திட்டமிடல் அதிகாரம் கட்டுமான நிறுவனத்தின் கையில் ஒருபோதும் இருக்கலாகாது. வெட்டப்பட்ட ஒவ்வொரு சரிவும் தடுப்புச் சுவரும் உள்ளாட்சிப் பதிவேட்டில் எண்ணோடு ஏற வேண்டும். ஆண்டுதோறும் மே மாதம், பருவமழைக்கு முன், ஆய்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். கட்டுபவரிடமிருந்து சரிவுப் பராமரிப்பு நிதி முன்கூட்டியே பெறப்பட்டு, நிறுவனம் திவாலானாலும் கடன்காரர்கள் தொட முடியாதபடி தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டுமனை ஒழுங்காற்றுச் சட்டத்தின் கீழான பதிவில் இந்நிபந்தனைகளைச் சேர்க்க நாடாளுமன்றமும் மாநிலங்களும் முன்வரலாம்.

ரொக்கோ நிற்கிறது, ஹைலண்ட் டவர்ஸ் வீழ்ந்தது. சரிவு எவ்வளவு செங்குத்தானது என்பது மட்டும் அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பதில்லை. மலையை வெட்டியவர் ஊரைவிட்டுப் போன பிறகும் மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வார யாரேனும் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறார்களா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மோசே பள்ளத்தாக்கில் அந்தக் கடமை இன்னும் எவர் பெயரிலும் எழுதப்படவில்லை. பருவமழை மட்டும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் தவறாமல் வந்துவிடுகிறது.